ஆறு மணித் தண்ணி

இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராக வேலை செய்கிறேன். வயது 49. பத்தொன்பது வயதில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சேர்ந்தேன். குடிக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அன்று முதல் 47 வயது வரை, ஏன் குடிக்கிறாய் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "குளிருக்கு."

எங்கள் மலைப்பக்கத்தில் இந்தப் பதிலுக்கு மறுபேச்சே கிடையாது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், இளங்கொழுந்து கருகிப்போகும். நாங்கள் அதற்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனாலும் ஆடி மழையில் வாரக்கணக்காகத் துணி காயாது; ஈரம் எலும்பு வரைக்கும் போகும். தாத்தா குளிருக்குக் குடித்தார். அப்பாவும் குளிருக்குத்தான் குடித்தார். நான் சாக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2023 தைப்பொங்கல் கழிந்த வாரம், கொழுந்து வாட்டுகிற மேல்மாடிக்கு ஏறும்போது தலை சுற்றி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள்: 158க்கு 98. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்தபிறகு ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். எடை 81 கிலோ. என் உயரத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல் அதிகம். பார்த்தவர் ஓர் இளம் டொக்டர், என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும்.

"ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பீங்க?"

"கொஞ்சம்தான் டொக்டர். ஒரு கால் போத்தல். அதுவும் இந்தக் குளிருக்கு."

அவர் திட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். சாராயம் உள்ளே போனதும் தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடம்பின் நடுவில் இருக்கிற சூடான இரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது. சூட்டை உணர்கிற நரம்புகள் தோலில் நிறைய இருப்பதால் நமக்குக் கதகதப்பாகத் தெரிகிறது. அதே நேரத்தில் அந்தச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே உடம்பு குளிர்ந்துகொண்டே போகிறது. குளிரில் உடம்பு நடுங்கித் தானே சூடு உண்டாக்கும் அல்லவா, அதையும் சாராயம் மட்டுப்படுத்திவிடும்.

எனக்கு இது சட்டென்று புரிந்தது. தேயிலை காய வைக்கும் டிரையரின் கதவைத் திறந்தால் வெளியே நிற்கிறவன் முகத்தில் நல்ல சூடு அடிக்கும். உள்ளே வெப்பம் இறங்கிப்போகும், தேயிலை சரியாகக் காயாது. முப்பது வருஷமாக ஒவ்வொரு இரவும் என் உடம்பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சூடாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஒரு மார்கழி இரவு, கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடித்துவிட்டுக் குறுக்குப்பாதையில் விழுந்து கிடந்த ஒருவர் காலையில் உயிரோடு இல்லை. "நல்லாக் குடிச்சிருந்தும் குளிர் அவரைத் தூக்கிட்டுப் போயிருச்சே" என்று இழவு வீட்டில் நானே பேசியிருக்கிறேன். குடித்திருந்ததால்தான் குளிர் தூக்கிக்கொண்டு போனது என்று அப்போது தெரியாது.

அப்புறம் டொக்டர் வேறு சில கேள்விகள் கேட்டார். காலையில் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கத்தை நிறுத்தக் காலையிலேயே குடிப்பதுண்டா? குடிக்காத நாட்களில் வேர்த்துக் கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? எனக்கு அப்படி எதுவும் இல்லை. இல்லையென்றதும்தான் அவர் மெல்லக் குறைக்கிற வழியைப் பற்றிப் பேசவே தொடங்கினார்.

இந்தக் கேள்விகளை நான் இங்கே அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் தினமும் முழுப் போத்தலுக்குக் குறையாமல் குடிக்கிற ஒருவர், காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான், ஒரு கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டார். ஒரே நாளில் நிறுத்திவிட்டார். எல்லோரும் பாராட்டினோம். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊர்கிறது என்று கத்தினார். சாமி வந்துவிட்டது என்று சிலர் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர் சம்சாரம்தான் அழுது சண்டை போட்டு, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஊசி போட்டு, விட்டமின் பி1 ஏற்றிக் காப்பாற்றினார்கள். நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் இப்படியாகும், உயிரே போகலாம். முதல் மூன்று நான்கு நாட்கள்தான் மிகவும் ஆபத்தான காலம். ஆகவே காலையில் கை நடுங்குகிற எவரும், வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிற எவரும், என்னுடைய கதையைப் பின்பற்றாதீர்கள். முதலில் டொக்டரிடம் போங்கள். மருந்தின் துணையோடு நிறுத்துவதற்கு முறை இருக்கிறது. வெட்கம் தடுத்தால் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். குடிப்பழக்கமும் அவர்கள் பார்க்கிற விஷயம்தான்.

நானும் மாலை போட்டிருக்கிறேன், இரண்டு தடவை. 41 நாளும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பெரிய கஷ்டமாகவும் இருக்கவில்லை. கருப்பு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறவனிடம் யாரும் கிளாஸை நீட்டமாட்டார்கள், ஊரே காவல் நிற்கும். மாலை கழற்றிய இரவிலேயே இரண்டு தடவையும் குடித்தேன், முன்பைவிட அதிகமாக. விரதத்தைக் குறை சொல்லவில்லை. அந்த 41 நாளில் உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது என்ற நினைவு பிற்பாடு எனக்கு உதவியது. ஆனால் நாற்பத்திரண்டாம் நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று எந்தக் குருசாமியும் சொல்லித்தரவில்லை. என் கஷ்டம் முழுக்க அந்த ஆறு மணியில்தான் இருந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் சில வருஷமானது.

டொக்டர் சொன்ன முதல் வேலை, குறைக்கக்கூட வேண்டாம், இரண்டு வாரம் எழுதுங்கள் என்பது. எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஏன். இது எனக்குப் பிடித்துப்போனது. ஸ்டோரில் நாங்கள் அளக்காத எதையும் நம்பமாட்டோம். நூறு கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே வந்தால் இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தேயிலை வெளியே போக வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் ஏன் என்று எழுத வேண்டும். அப்படிப்பட்ட நான், என் வாய்க்குள் போவதை ஒருநாளும் அளந்ததில்லை. மகளின் பழைய இருமல் மருந்துக் கோப்பையை எடுத்து ஊற்றிப் பார்த்தேன். கண் அளவில் ஒரு "சின்ன ஷொட்" என்று நான் நினைத்திருந்தது 70 மில்லிக்கு மேல் இருந்தது.

கணக்கு இப்படி. கால் போத்தல் 180 மில்லி. நான் குடிக்கிற சாராயத்தில் மதுசாரம் 33.5 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கிறது. அப்படியென்றால் ஒரு காலில் சுத்த மதுசாரம் 48 கிராம் அளவு. வாரத்தில் ஐந்து நாள் ஒவ்வொரு கால், சனிக்கிழமை அரைப் போத்தல். மொத்தம் 340 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பிரித்தானியாவில் 2016இல் சொன்ன மேல் எல்லை வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். நான் மூன்று மடங்கில் நின்றேன். உலக சுகாதார நிறுவனமோ 2023 ஜனவரியில், குறைந்த அளவும்கூடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று தெளிவாக அறிவித்துவிட்டது. ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி இருக்கிறது. ஆக, வாரத்துக்கு 2300 கலோரிக்கு மேல். ஒரு முழு நாள் சாப்பாட்டை நான் வாரம் தவறாமல் கூடுதலாகக் குடித்திருக்கிறேன். கூட வைத்துச் சாப்பிட்ட பைட், பொரித்த கடலை, டெவில் பண்ணிய பன்றி இறைச்சி எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. வயிறு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனால் கொப்பியில் என்னை உலுக்கியது அளவு இல்லை, மூன்றாவது நிரல். ஏன் என்று எழுதிய இடம். பதினான்கு நாளில் பன்னிரண்டு நாள் குடித்திருந்தேன். குளிர் என்று மனதறிந்து எழுத முடிந்தது இரண்டே நாள். அந்த இரண்டு வாரத்திலேயே மிகக் குளிரான இரவு எனக்கு நைட் வேலை. டிரையர் பக்கத்தில் நின்றேன், குடிக்கவில்லை, நினைவும் வரவில்லை. மற்ற நாட்களில் எழுதியிருந்தது: பசி. ஸ்டோரில் வாக்குவாதம். கூடக் குடிக்கிற செட் வந்து கூப்பிட்டது. அப்புறம் ஒரு வரி, திரும்பத் திரும்ப, ஐந்து தடவை: "வீட்டில் யாரும் இல்லை."

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில். மகன் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். சம்சாரம் தையல் வகுப்பு நடத்துகிறார், வீடு வர ஏழரை ஆகும். ஆறு மணிக்கு வேலை விட்டுக் குவார்ட்டஸுக்கு வந்து கதவைத் திறந்தால், முன்பு மூன்று பேர் சத்தம் போட்ட வீட்டில் கடிகாரம் மட்டும் ஓடும். மலைநாட்டில் என் வயதில் இருக்கிற எத்தனை அப்பாமாருக்கு இதே நிலை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் படித்து இறங்கிப்போக வேண்டும் என்றுதானே உழைத்தோம். அவர்கள் இறங்கிப்போனார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று நான் யோசிக்கவே இல்லை. போத்தல் நிரப்பிக்கொண்டது. அதற்குக் குளிர் என்று பேர் வைத்திருந்தேன்.

கொப்பியைச் சம்சாரத்திடம் காட்டினேன். அவர் அந்த ஐந்து வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் அந்த நேரம் வீட்டுக்கு வரவே மனசு வராதுங்க. அதனாலதான் ஏழு மணி வரைக்கும் வகுப்பு ஒத்துக்கிட்டேன்" என்றார். இருபத்துமூன்று வருஷக் கல்யாணத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் வந்ததில்லை.

தொடங்கியது தைப்பூசத்தன்று. அன்றைக்குப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை; நாட்டில் எங்கேயும் சாராயக் கடை திறக்காது. போயாவுக்கு முதல் நாள் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், நானும் அதில் நின்றவன்தான், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைப்பேன். அந்தத் தடவை வாங்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன். நிறுத்தப்போகிறேன் என்று சபதம் எதுவும் போடவில்லை. அடுத்த வாரம் முதல், காலண்டரில் சின்னதாகப் போட்டிருக்கிற மற்றப் போயாக்களையும், அரைநிலா, அமாவாசை நாட்களையும் சேர்த்துக்கொண்டேன். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் அந்த நான்கு போயாவும்தான் வார விடுமுறையாக இருந்தன என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்தப் பழைய விடுமுறையை நான் எனக்காகத் திரும்பக் கொண்டுவந்தேன். பிறகு ஒவ்வொரு போயாவுக்கும் முதல் நாளையும் சேர்த்தேன். இப்படி வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள் என்று மூன்று மாதத்தில் கூடியது. நாளை நானே தெரிவு செய்திருந்தால் ஒத்திப்போட்டிருப்பேன். நிலா தெரிவு செய்ததை ஒத்திப்போட முடியவில்லை.

வீட்டில் போத்தல் வைப்பதை நிறுத்தினேன். குடிக்க வேண்டுமென்றால் அன்றைக்கு வாங்க வேண்டும். வாங்கப் பஸ் ஏற வேண்டும். மழையில் பஸ் ஏறப் பாதி நாள் மனம் வராது. ஐந்தரை மணிக்கு ஸ்டோரிலேயே ஏதாவது சாப்பிட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன், அவித்த கடலையோ, காலையில் கொண்டுபோன ரொட்டியில் மிச்சமோ, ஒரு முட்டையோ. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். வெறும் வயிற்றோடு வருகிறவனுக்குப் பசியும் குடி ஆசையும் பிரித்துத் தெரியாது. வயிறு நிறைந்தால் ஆசை பாதியாக அடங்கிவிடுகிறது. நான் கண்டதில் இதற்குச் சமமான வழி வேறில்லை. அப்படியும் ஆசை வந்தால் இருபது நிமிஷம் பொறுத்துப் பார்ப்பேன். அது அலை மாதிரி ஏறும், பிறகு தானாக இறங்கிவிடும். குளிருக்கு இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லித் தண்ணி, கம்பளித் தொப்பி, இரண்டு சோடி மேசு (காலுறை). குளிர் அதற்கே அடங்கிப்போனது.

ஆனாலும் அந்த ஆறு மணி வெறுமையாகத்தான் கிடந்தது. டீவி பார்த்தேன், ஒட்டவில்லை. போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இன்னும் தனிமையாக இருந்தது. அப்போதுதான் தண்ணி வேலை வந்தது.

எங்கள் டிவிசனுக்குக் குடிதண்ணி மேலே காட்டு ஓரத்து ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்குகிறது. நான்கு லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) குவார்ட்டஸுக்கும் ஒரே தொட்டி. ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் திறந்தால் கீழ் லயத்துக்கு மட்டும் ஓடும், மேலே சொட்டும். ஆகவே சாயந்திரம் ஆறிலிருந்து ஏழரை வரை ஒருவர் மேலே போய் ஒவ்வொரு வால்வாகத் திருப்பிவிட வேண்டும். பல வருஷமாக அதைச் செய்துவந்த பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது. தண்ணி விடுகிற வேலைக்கு ஆள் தேடினார்கள்; நேரம் அப்படி என்பதால் யாரும் முன்வரவில்லை. பெண்கள் மலையிலிருந்து களைத்து வந்து சோறு வைக்கிற நேரம், ஆண்களில் பாதிப் பேர் கடைப்பக்கம் போகிற நேரம். ஒரு மாதத்துக்கு நான் பார்க்கிறேன் என்றேன். இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

குவார்ட்டஸிலிருந்து தொட்டிக்கு ஏற்றம், நடக்க இருபது நிமிஷம். முதல் வாரம் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். காலில் அட்டை ஏறும். உப்புத்துணி கட்டிக்கொண்டு போவேன். நடுத்தர வயதில் மலை ஏறத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும், இறக்கம்தான் முழங்காலைக் கெடுக்கும். நான் ஏறும்போது காட்டிய கவனத்தை இறங்கும்போது காட்டவில்லை. இரண்டாம் மாதம் இடது முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தேன். இப்போது கையில் கம்பு இல்லாமல் இறங்குவதில்லை, குறுக்குப்பாதையை விட்டு ரோட்டாலேயே சுற்றி வருகிறேன். நைட் வேலை வாரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்வான். மேலே நிற்கும்போது மகனுக்குப் போன் எடுப்பேன், அந்த மேட்டில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். முன்பெல்லாம் இரவில் எடுத்தால் என் குரலைக் கேட்டதும் அவன் சுருக்கமாக முடித்துவிடுவான். ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

செட்டோடு என்ன செய்தாய் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் மருந்து எடுக்கிறேன் என்றேன். அது ஒரு வாரம்தான் நிற்கும். மருந்து முடிஞ்சிருச்சா என்று கேட்பார்கள். பிறகு உண்மையையே சொல்லிவிட்டேன், ஈரலில் கொழுப்பு, குறைக்கிறேன் என்று. இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் தனியாக வந்து, எந்தக் கிளினிக், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். விலகினவர்களை நினைத்து இப்போதும் வருத்தம்தான். இருபது வருஷப் பழக்கம். ஆனால் எங்களுக்குள் போத்தலைத் தவிரப் பேச எதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

இழவு வீடு அதைவிடக் கஷ்டம். எங்கள் பக்கத்தில் குழி வெட்டப் போகிறவர்களுக்குச் சாராயம் வாங்கிக் கொடுப்பது எழுதாத சட்டம். 2023 ஆவணியில் பெரியப்பா தவறியபோது வாங்கிக் கொடுக்க வேண்டிய மூத்த பிள்ளை நான். கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த மழையில் மண் வெட்டுகிறவர்கள் அவர்கள். குழி வெட்டி முடிந்து குளித்த பிறகு தருகிறேன், அதற்கு முன் சூடாகச் சோறும் இறைச்சிக் கறியும் தருகிறேன் என்றேன். முணுமுணுத்தார்கள், ஒரு மாமா சத்தமே போட்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். வாங்கினதில் பாதிப் போத்தல் மிச்சம் வந்தது. அதை நான் தொடவில்லை என்றாலும், அன்றிரவு அது இருந்த அலுமாரிப் பக்கம் போகாமலிருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உடம்பில் முதலில் மாறியது தூக்கம். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதும் நான் நம்பிய இன்னொன்று. சீக்கிரம் கண் அயரும், சரி. ஆனால் பாதி இரவில் மதுசாரம் உடம்பை விட்டு இறங்க இறங்கத் தூக்கம் உடைந்துபோகும். இரண்டரை மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். குறைத்த முதல் பத்து நாள் தூக்கம் வரவே இல்லை. அப்போது பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் வாரம், விடியும் வரை தூங்கினேன். இரண்டாவது, வாய். ஸ்டோரில் தினமும் அன்றைய தேயிலையை ஊற்றி வைத்து உறிஞ்சிப் பார்ப்போம். எங்கள் திம்புல்லைப் பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை உயர்ந்த பருவம். பகலில் வறண்ட காற்று, இரவில் குளிர், அதில்தான் வாசம் ஏறும். பல வருஷமாகக் காலையில் என் நாக்கு மரத்துப்போய் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. அந்த மார்ச் மாதம் ஒரு கோப்பையை உறிஞ்சிவிட்டு, "இது சூடு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். பெரிய டீமேக்கர் தானும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் புத்தகத்தில் எழுதினார். நான் குறை சொல்லிக்கொண்டிருந்த அதே குளிர்தான் அந்த வாசத்தைத் தந்திருக்கிறது.

கெட்டதும் நடந்தது. சாராயத்தை விட்ட வாய் இனிப்பைத் தேடியது. பிளேன்டீக்கு ஒரு துண்டுக்குப் பதில் மூன்று துண்டு கருப்பட்டி கடித்தேன், பேக்கரி பணிஸ் தினமும். நான்காம் மாதம் சுகர் ஏறியிருந்தது. டொக்டர் அதைப் பிடித்துக் கண்டித்தபிறகு கோதுமை மாவைக் குறைத்து, இரவில் சோற்றின் பாதி இடத்தை மரக்கறிக்குக் கொடுத்தேன். லீக்ஸும் கோவாவும் கரட்டும் நம் வாசலில் விளைகிறது. நாமே அதைக் குறைவாகச் சாப்பிடுகிறோம். இன்னொன்று: குடித்த மறுநாள் தலைவலிக்குப் பனடோல் போடுகிற வழக்கம் நம்மிடம் நிறைய. தொடர்ந்து குடிக்கிறவர்களுக்கு அது ஈரலுக்கு இரட்டைச் சுமை. பிரஷர் மாத்திரையையோ எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு 158 இருந்தது பத்து மாதத்தில் 132க்கு வந்தது, மாத்திரையோடுதான். எடை 81லிருந்து 73. ஈரல் இரத்தப் பரிசோதனை முதல் மூன்று மாதத்திலேயே வெகுவாக இறங்கிவிட்டது. அளவோடு கெட்ட ஈரல் இவ்வளவு சீக்கிரம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முற்றிப்போய்ச் சுருங்கிய ஈரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் நாற்பதுகளில் இருக்கும்போதே ஒரு தடவை பரிசோதியுங்கள் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பணமும் மிச்சமானது. தோட்டத்து நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350. கால் போத்தல் ஒன்று அந்த ஒரு நாள் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். விலை கூடினால் குடி குறையும் என்கிறார்கள். என் கண்ணில் பட்டது, இல்லாதவர்கள் கசிப்புக்குப் போனதுதான்.

குறைக்கத் தொடங்கிய அந்த வருஷத் தீபாவளிக்கு மறுபடி குடியில் விழுந்தேன். மகன் வந்திருந்தான், மச்சான்மார் வந்திருந்தார்கள். இரண்டு ஷொட் என்று உட்கார்ந்தேன், எத்தனை என்று எழுதவில்லை. மறுநாளும் தொடர்ந்தது, மூன்று நாள். நான்காம் நாள் சாயந்திரம் படுத்தே கிடந்தேன். கீழ் லயத்திலிருந்து ஒரு சின்னப் பிள்ளை வந்து கதவைத் தட்டியது. "மாமா, அம்மா கேட்கச் சொன்னாங்க. உங்களுக்குச் சுகமில்லையா? மூணு நாளா எங்களுக்குத் தண்ணி வரல." நான் விழுந்ததால் என் வீடு மட்டும் கஷ்டப்படும் என்று நினைத்திருந்தேன். மூன்று நாளாகப் பதினாறு குடும்பம் இருட்டில் பீலிக்கு (மலைத் தண்ணி விழுகிற இடத்துக்கு) போயிருக்கிறது, கைக்குழந்தைக்காரிகள்கூட. யாரும் என்னைத் திட்டவில்லை. சுகமில்லை என்றே நினைத்திருக்கிறார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு டோர்ச்சை எடுத்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ குடிக்கிறேன். மருந்துக் கோப்பையால் அளந்து 50 மில்லி, கொப்பியில் எழுதிவிட்டு. சில மாதம் அதுவும் இல்லை. டொக்டர் அதையும் விட்டுவிடுங்கள் என்கிறார், அவர் சொல்வதுதான் சரி. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று பொய் எழுத விரும்பவில்லை.

நேற்று நல்ல மழை. காற்றில் குடை நிற்கவில்லை, மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினேன். காதும் மூக்கும் விறைத்துப்போயிருந்தன. மூன்றாம் வால்வைத் திருப்பினால் முதலில் காற்றுதான் வரும், குழாய் புஸ்ஸென்று நீளமாக மூச்சு விடும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. அப்புறம் உள்ளே தண்ணி இறங்குகிற சத்தம் கைப்பிடி வழியாகக் கைக்கே தெரியும். கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். கீழே இருட்டில் எந்த இஸ்தோப்பிலிருந்தோ (வாசல் திண்ணையிலிருந்தோ) ஒரு பிள்ளை கத்தியது: "அம்மா, தண்ணி வந்துருச்சு!" நான்காவது வால்வுக்கு நடந்தேன்.